எஃகுக் கூட்டுத் தோட்டா உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஓடுமா? சோதித்து அறியும் முழுமையான வழிகாட்டி

மலிவான எஃகுத் தோட்டா துப்பாக்கியைக் கெடுத்துவிடும் என்பார்கள் ஒரு சாரார். ஆயிரக்கணக்கில் சுட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பார்கள் இன்னொரு சாரார். இருவர் சொல்வதும் பொய்யில்லை. முதலாமவர் கையில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்க ரைபிளான ஏஆர்-15, இரண்டாமவரிடம் இருப்பது சோவியத் ரைபிளான ஏகே. ஒரே தோட்டாவை ஒரு துப்பாக்கி விழுங்கித் துப்புகிறது, இன்னொன்று தொண்டையில் சிக்க வைத்துக்கொள்கிறது. காரணம் மூன்று இடங்களில் இருக்கிறது: தோட்டா அமரும் அறையான சேம்பரின் வடிவம், சுட்ட கூட்டை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரின் பிடி, சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைத் தள்ளும் வாயுவின் அளவு. இந்த மூன்றையும் உங்கள் துப்பாக்கியில் எப்படிச் சோதிப்பது என்பதற்கான வழிகாட்டி இது. எஃகுத் தோட்டாவின் பெரிய சந்தை அமெரிக்கா என்பதால் விலை, விதிமுறை எல்லாம் அந்த நாட்டை ஒட்டியே சொல்லப்படுகின்றன.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். தோட்டா என்பது முழுப் பொருள். அதன் முனையில் பறந்து போவது குண்டு. மருந்தைத் தாங்கிப் பின்னால் தங்குவது கூடு. கூட்டின் அடியில், ஃபயரிங் பின் என்ற ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு பொட்டு பிரைமர். எஃகுத் தோட்டா என்றால் கூடு எஃகு என்று பொருள். குண்டு எதனால் ஆனது என்பது தனிக் கதை, அதற்குப் பிறகு வருவோம்.

கூட்டுக்கு என்ன ஆகிறது

சுட்ட நொடியில், ஏஆர்-15 வழக்கமாகச் சுடும் 223 ரெமிங்டன் தோட்டாவுக்குள் அழுத்தம் 55,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) வரை போகலாம். அந்த அழுத்தத்தில் கூடு ஊதிச் சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் கூடு கொஞ்சம் சுருங்க வேண்டும். அப்போதுதான் எக்ஸ்ட்ராக்டர் அதை வெளியே இழுக்க முடியும்.

பித்தளை இந்த வேலைக்கென்றே பிறந்த உலோகம். எஃகின் விறைப்பு பித்தளையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. விறைப்பு கூடினால் மீண்டு சுருங்கும் தூரம் குறையும். அதனால் எஃகுக் கூடு சேம்பரில் சற்று இறுக்கமாகவே நிற்கிறது. அது ஊதுவதற்கும் சற்றுத் தாமதிக்கிறது. அந்த இடைவெளியில் கூட்டின் குறுகிய முன்பகுதியான கழுத்துப் பக்கமாகப் புகை கசிந்து சேம்பர் சுவரில் கரியாகப் படிகிறது. சுட்ட எஃகுக் கூட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். கழுத்திலிருந்து, அது விரியும் இடமான தோள் வரை, சில சமயம் உடலின் பாதி வரைகூட, கருப்பாக இருக்கும். அது பழுது அல்ல, இந்தத் தோட்டாவின் இயல்பு. ஆனால் அதே கரி உங்கள் சேம்பரிலும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

பழைய எஃகுத் தோட்டாக்களின் பச்சை லாக்கர் பூச்சு சூட்டில் உருகிச் சேம்பரில் ஒட்டிக்கொள்ளும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். சிக்கலுக்குக் காரணம் பூச்சு அல்ல, கரி. லாக்கர் இல்லாத பாலிமர் பூச்சுத் தோட்டாக்களும் அதே துப்பாக்கிகளில் அதே மாதிரிதான் சிக்குகின்றன. நிறைய எஃகுத் தோட்டா சுட்டுவிட்டு, துடைக்காமல் பித்தளைத் தோட்டாவைப் போட்டால் சிக்குவதும் இதனால்தான். நன்றாக ஊதும் பித்தளை, சுவரில் இருக்கும் கரிப் படலத்தை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பழி பித்தளை மேல் விழுகிறது, வேலையைச் செய்தது அதற்கு முன் சுட்ட எஃகு.

அடுத்தது கூட்டின் சரிவு. ஏகே சுடும் 7.62×39 தோட்டாவில் கூட்டின் அடி விட்டம் 11.35 மி.மீ., தோள் அருகே 10.07 மி.மீ. சுமார் 30 மி.மீ. நீளத்துக்குள் 1.28 மி.மீ. குறைகிறது. 223-இல் அடி 9.58, தோள் 9.00. 36 மி.மீ. நீளத்தில் 0.58 மட்டுமே குறைகிறது. கூம்பு வடிவக் கூடு ஒரு இம்மி பின்னால் நகர்ந்தாலே சுவரைவிட்டு முழுதாக விலகிவிடும். நேரான கூடு வெளியே வரும் வழியெல்லாம் உரசிக்கொண்டே வரும். ஒரு டம்ளருக்குள் இன்னொரு டம்ளர் எளிதாக எழும்புவதையும், குழாய்க்குள் குழாய் இறுகுவதையும் நினைத்துப் பாருங்கள். 7.62×39-ஐ சோவியத் பொறியாளர்கள் வடிவமைத்தது போர்க்காலமான 1943-இல். எஃகுக் கூட்டுக்கு இந்தச் சரிவு கச்சிதமாகப் பொருந்துகிறது. 223 பித்தளையை நம்பிப் பிறந்தது. பாதி விடை இந்த ஒரு வேறுபாட்டிலேயே இருக்கிறது.

எஃகுக் கூடு என்றாலே தரக்குறைவு என்று எண்ண வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் செம்புத் தட்டுப்பாட்டால் ஜெர்மனி எஃகுக் கூட்டுக்கு மாறியது. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து எவன்ஸ்வில் ஆலையில் 45 ஏசிபி என்ற பிஸ்டல் தோட்டாக்கள் எஃகுக் கூட்டில் கோடிக்கணக்கில் தயாராயின.

படி 1: பெட்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஒரு சின்னக் காந்தம் போதும். கூட்டில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு. சில தோட்டாக்கள் பித்தளை முலாமோ துத்தநாக முலாமோ பூசிய எஃகு. கண்ணுக்குப் பித்தளை போலத் தெரியும், காந்தம் ஏமாறாது. பிறகு குண்டின் முனையில் வையுங்கள். அங்கேயும் ஒட்டினால் அது பைமெட்டல் குண்டு: ஈயத்தைச் சுற்றி மெல்லிய எஃகு உறை, அதன் மேல் செம்புப் பூச்சு. காந்தம் ஒட்டியதால் கவசம் துளைக்கும் குண்டு என்று பயந்துவிட வேண்டாம். உறை எஃகாக இருப்பதும் உள்ளே எஃகுத் தண்டு இருப்பதும் வேறு வேறு.

அடுத்து பிரைமர். வுல்ஃப், துலா, பர்னவுல் ஆலையின் பிரவுன் பேர் போன்ற வணிகத் தோட்டாக்களின் பிரைமர் அரிக்காத வகை. பழைய ராணுவக் கையிருப்பு அப்படியல்ல. தகர டப்பாவில் வரும் 7.62×54ஆர், 5.45×39 7என்6, பழைய 7.62×25 ஆகியவற்றை அரிக்கும் பிரைமர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் உள்ள பொட்டாசியம் குளோரேட் எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடு ஆகிறது. அது ஒரு உப்பு. காற்றின் ஈரத்தை இழுத்து ஓரிரு நாளில் பேரலில் (குழலில்) துருவை வரவழைத்துவிடும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. தண்ணீர்தான் கரைக்கும்.

துலா, பர்னவுல் உள்ளிட்ட ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி 2021 செப்டம்பர் 7 முதல் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. ஆகவே இன்று சந்தையில் கிடைக்கும் ரஷ்யச் சரக்கில் பெரும்பகுதி பழைய இருப்பு. பெட்டி ஈரம் பட்டதா, கூட்டில் துருப் புள்ளி உண்டா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பூச்சு உரிந்து துரு குழியாக இறங்கிய கூட்டைச் சுடக் கூடாது. மேலே லேசாகப் படர்ந்து துணியில் துடைத்தால் போகும் துரு பரவாயில்லை.

படி 2: உங்கள் துப்பாக்கி எந்த வகை

ஏகே, அதே 7.62×39 சுடும் சோவியத் ரைபிளான எஸ்கேஎஸ் இரண்டும் இந்தத் தோட்டாவின் தாய்வீடு. எக்ஸ்ட்ராக்டர் பெரிது, வாயு தாராளம், சேம்பர் தளர்வு. எஸ்கேஎஸ்ஸில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அதன் ஃபயரிங் பின்னைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் பெரும்பாலான மாடல்களில் கிடையாது. கிடங்கில் பூசி வைத்த காஸ்மோலின் பசை பின்னை முன்னாலேயே ஒட்டி நிறுத்திவிட்டால், போல்ட் மூடும்போதே தோட்டா வெடித்துவிடும். போல்ட்டைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். பின் உள்ளே கடகடவென்று ஆட வேண்டும். ஆடாவிட்டால் கரைப்பான் விட்டுச் சுத்தம் செய்யாமல் ஒரு தோட்டாகூட ஏற்றாதீர்கள்.

ஏஆர்-15, 223 அல்லது 5.56: இங்கேதான் சோதனை தேவை. 5.56 நேட்டோ என்ற ராணுவ அளவுச் சேம்பர் உள்ளவற்றில் பெரும்பாலும் ஓடும். 223 வைல்ட் என்ற சேம்பர் வகை இடைப்பட்டது. இறுக்கமான 223 போட்டிச் சேம்பர் என்றால் எஃகுத் தோட்டாவைத் தவிர்ப்பதே நல்லது. மலிவுத் தோட்டாக்களில் சில மிதமான அழுத்தத்தில் நிரப்பப்பட்டவை என்பதால் வாயு குறைவாக வந்து போல்ட் முழுதும் பின்னால் போகாமல் நிற்கும்.

ஏஆர் வடிவில் 7.62×39 சுடுபவர்களுக்குக் கூடு சிக்கலே இல்லை. அங்கே பிரச்சினை கெட்டியான பிரைமர். 7.62×39-க்கென்று செய்த, சற்று நீண்டு நிற்கும் ஃபயரிங் பின்னும், அதை அடிக்கும் ஹேமருக்கு முழு வலு ஸ்பிரிங்கும் வேண்டும். மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) வளைவும் அந்தத் தோட்டாவுக்கு உரியதாக இருக்க வேண்டும். நேர் மேகசின் பாதியில் திக்கும்.

ஜெர்மன் எச்கே நிறுவனத்தின் ஜி3, எம்பி5 வகையில் சேம்பருக்குள் நீளவாட்டில் பள்ளங்கள் வெட்டியிருக்கும். வாயு அந்தப் பள்ளங்களில் ஓடிக் கூட்டைச் சுவரிலிருந்து விலக்குவதால் எஃகுக் கூடு தடையின்றி வரும். மோசின் நாகந்த் என்ற பழைய ரஷ்ய ரைபிளில் போல்ட் கைப்பிடி இறுகி மரச்சுத்தியல் கேட்டால், பெரும்பாலும் சேம்பரில் காய்ந்துபோன காஸ்மோலின்தான் காரணம். கொதிநீரும் பிரஷ்ஷும் போதும்.

9 மி.மீ. பிஸ்டல்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அழுத்தம் குறைவு, கூடு குட்டை, லேசான சரிவும் உண்டு. நல்ல நிலையில் உள்ள பிஸ்டல் பெரும்பாலும் சுடும். ட்ரிக்கரை லேசாக்க ஸ்பிரிங்கை மாற்றியிருந்தால் மட்டும் பிரைமர் வெடிக்காமல் ஏமாற்றும். ரிவால்வரில் ஆறு கூடுகளையும் ஒரே தள்ளில் வெளியேற்ற வேண்டியிருப்பதால், சிலிண்டரில் கரி ஏறியதும் கட்டைவிரலுக்கு நல்ல வேலை.

படி 3: சுடுமுன் தயார் செய்தல்

தோட்டாவை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, துப்பாக்கி காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பிறகு சேம்பர். பேரல் பிரஷ் சேம்பருக்கு ஆகாது, அதன் விட்டம் போதாது. ஏஆருக்கென்று அகன்ற கழுத்துள்ள சேம்பர் பிரஷ் தனியாகக் கிடைக்கிறது. கரைப்பானில் நனைத்துப் பின்பக்கத்திலிருந்து விட்டு, முட்டியதும் கடிகாரச் சுற்றில் 10 முதல் 15 முறை திருப்புங்கள். திருப்பிக்கொண்டே வெளியே இழுங்கள். துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். தோள் வளைவில் கருப்பு வளையம் தெரிந்தால் மறுபடியும். கடைசித் துணி உலர்ந்ததாக இருக்கட்டும். சேம்பரில் எண்ணெய் விட்டால் கூடு வழுக்கி வரும் என்று சிலர் செய்வதுண்டு. அது தவறு. கூடு சுவரைப் பிடிக்காவிட்டால் அந்த விசை முழுதும் போல்ட் முகத்தில் விழும். எண்ணெய் போல்ட்டுக்கும் அதைத் தாங்கி நகரும் கேரியருக்கும் மட்டும், அதையும் தாராளமாக.

ஏஆரில் எக்ஸ்ட்ராக்டரைக் கழற்றுங்கள். கொக்கி விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, அடியில் கரி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங்குக்குள் கருப்பு ரப்பர் செருகி இருக்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புதிது போடுங்கள், கூடவே ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்). சில டாலர் செலவில் எஃகுத் தோட்டாவுக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள மாற்றம் இதுதான். கேரியர் மேல் வாயுவை வாங்கும் கேஸ் கீ என்ற சிறு குழாயின் இரு திருகுகள் ஆடுகின்றனவா என்றும் பாருங்கள். அங்கே கசிந்தால் வாயு போதாது.

பிஸ்டலுக்கு: பேரலைக் கழற்றி, பாதுகாப்பான இடத்தில், வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, தோட்டாவைச் சேம்பருக்குள் விடுங்கள். டொக்கென்று விழுந்து, விரலால் சுற்றினால் தாராளமாகச் சுழல வேண்டும். கவிழ்த்தால் தானே விழ வேண்டும்.

படி 4: 200 தோட்டாச் சோதனை

ஒரே வகை, ஒரே லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) உள்ள 200 தோட்டா, ஒப்பிட 20 பித்தளைத் தோட்டா, நல்ல நிலையில் உள்ள மூன்று மேகசின், குறிப்பேடு. மேகசின்களுக்கு 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். இல்லாவிட்டால் மேகசின் செய்த தப்பைத் தோட்டா மேல் போடுவீர்கள்.

முதல் 10 தோட்டாவை ஒவ்வொன்றாக மேகசினில் போட்டுச் சுடுங்கள். ஏஆரில் ஒவ்வொரு முறையும் போல்ட் பின்னால் பூட்டி நிற்க வேண்டும். இது வாயுச் சோதனை. பத்தில் இரண்டு முறை நிற்கவில்லை என்றாலே வாயு குறைவு என்று பொருள்.

அடுத்த 40-ஐ நிதானமாகச் சுடுங்கள். கூடுகள் எந்தத் திசையில் விழுகின்றன என்று கவனியுங்கள். குழலின் முனை 12 மணி என்றால், ஏஆரில் 3 முதல் 4 மணித் திசை நல்லது. 5 மணிக்குப் போனால் வாயு குறைவு. 1, 2 மணிக்குப் பறந்தால் வாயு அதிகம்.

அதன் பிறகு 100-ஐ மூன்று மேகசினையும் மாற்றி மாற்றிச் சற்று வேகமாகச் சுட்டுச் சூடேற்றுங்கள். இப்போது சேம்பரைக் காலியாக வைத்து, போல்ட்டைத் திறந்தபடி 15 நிமிடம் ஆற விடுங்கள். சூடான சேம்பரில் தோட்டாவை விட்டுவைப்பது எந்த வகைத் தோட்டாவானாலும் ஆபத்து. ஆறிய பின் மீதி 50. கரி இறுகிய, குளிர்ந்த சேம்பர்தான் உண்மையான பரீட்சை. கூடு சிக்குவதென்றால் பெரும்பாலும் இங்கேதான் சிக்கும்.

கடைசியில், துடைக்காமல், 20 பித்தளையைச் சுடுங்கள். இரண்டையும் கலந்து பயன்படுத்துவீர்கள் என்றால் இந்த இருபதும் தவறாமல் ஓட வேண்டும்.

ஏதாவது ஒரு சூட்டின் சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக, பொத்தென்று கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். காலி செய்து, பேரல் வழியே வெளிச்சம் தெரிவதைக் கண்ணால் பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால் பேரல் பிளக்கும்.

படி 5: தப்பைப் படிப்பது

சுட்ட கூடு சேம்பரிலேயே இருக்க, அடுத்த தோட்டா அதன் மேல் வந்து முட்டியிருந்தால், அந்தக் கூட்டை எடுத்ததும் அடி விளிம்பைப் பாருங்கள். விளிம்பில் ஆழமான கீறல் அல்லது வளைவு இருந்தால் எக்ஸ்ட்ராக்டர் பிடித்து இழுத்தும் கூடு வரவில்லை. அது சேம்பர் கரி அல்லது இறுக்கம். விளிம்பு வழுவழுவென்று இருந்தால் எக்ஸ்ட்ராக்டர் பிடிக்கவே இல்லை. அது ஸ்பிரிங் அல்லது கொக்கி. பித்தளை விளிம்பு கிழிந்து கொடுக்கும். எஃகு விளிம்பு கிழியாது, பதிலுக்குக் கொக்கிதான் முனை உடையும். ஆகவே ஒவ்வொரு சிக்கலுக்குப் பிறகும் கொக்கி முனையைப் பாருங்கள்.

போல்ட் பின்னால் போகாமல் அடுத்த தோட்டாவை எடுக்கத் தவறினால் வாயு அல்லது எடை. போல்ட்டுக்குப் பின்னால் உள்ள எடையான பஃபர் கனமான எச்2 வகை என்றால் 3 அவுன்ஸ் சாதாரண கார்பைன் பஃபரை வைத்து மீண்டும் சுடுங்கள். சரியானால் விடை கிடைத்துவிட்டது. குளிர் நாளில் மட்டும் வரும் தப்பும் இந்த வகைதான்.

பிரைமர் வெடிக்கவில்லை என்றால் முனையை இலக்கை நோக்கியே வைத்து 30 நொடி காத்திருந்து வெளியே எடுங்கள். குழி ஆழமாக, நடுவில் இருந்தால் தோட்டாவின் குற்றம். ஊசி முனை தொட்டாற்போல் மேலோட்டமாக இருந்தால் துப்பாக்கியின் அடி போதவில்லை. ஸ்பிரிங்கை முழு வலுவுக்கு மாற்றுங்கள், ஃபயரிங் பின் பாதையில் எண்ணெய்க் கசடு இருக்கிறதா பாருங்கள்.

200-இல் ஒரு தப்பு, அதுவும் தோட்டாவின் தப்பு என்றால் பயிற்சிக்கு ஏற்றது. கூடு சிக்கியது இரண்டு முறைக்கு மேல் என்றால், சேம்பரைத் துடைத்து எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங்கை மாற்றி முழுச் சோதனையும் மறுபடி. அப்போதும் சிக்கினால் அந்த ரைபிளுக்கு அந்தத் தோட்டா வேண்டாம்.

படி 6: சிக்கிய கூட்டை எடுப்பது

முதலில் சிக்கியது சுட்ட கூடா, சுடாத தோட்டாவா என்று உறுதி செய்யுங்கள். சுடாத தோட்டா என்றால் பேரல் முனை வழியே எந்தக் கம்பியையும் விடக் கூடாது. துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள்.

சுட்ட கூடுதான் என்றால் மேகசினைக் கழற்றி, முனையைப் பாதுகாப்பான திசையில் மேல்நோக்கிப் பிடித்து, நீளம் மாற்றக்கூடிய ஸ்டாக்கை (தோளில் வைக்கும் பகுதியை) முழுதும் உள்ளே தள்ளுங்கள். போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கும் சார்ஜிங் ஹேண்டிலைக் கீழ்நோக்கி இழுத்தபடியே ஸ்டாக்கின் அடியை மண் தரையில் ஓங்கி ஒரு குத்து. இரண்டு மூன்று குத்தில் வராவிட்டால் நிறுத்திவிட்டு, ஆற விடுங்கள். கரைப்பானைச் சில துளி முனை வழியே விட்டு அரை மணி கழித்து, பேரலுக்கு ஏற்ற திடமான கம்பியை முனை வழியே இறக்கி, மெல்லத் தட்டுங்கள். முகமும் விரலும் முனைக்கு நேராக வரக் கூடாது. ஹேண்டிலைக் காலால் மிதிப்பதும், சுத்தியலால் அடிப்பதும் அதை வளைத்துத்தான் விடும்.

படி 7: பராமரிப்பும் பேரல் கணக்கும்

ஏஆரில் எஃகுத் தோட்டா சுட்டால் ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் சேம்பர் பிரஷ் கட்டாயம். பேரலைக்கூட அடுத்த முறைக்குத் தள்ளலாம், சேம்பரைத் தள்ள வேண்டாம். அரிக்கும் பிரைமர் என்றால் அன்றைக்கே பேரல், போல்ட் முகம், வாயு பிஸ்டன், வாயுக் குழாய் எல்லாவற்றிலும் சுடுநீர் ஓட்டி, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். மறுநாள் மறுபடி ஒரு துணி விட்டுப் பாருங்கள்.

பேரலைத் தேய்ப்பது எஃகுக் கூடு அல்ல. கூடு பேரலுக்குள் போவதே இல்லை. தேய்ப்பது பைமெட்டல் குண்டின் உறை. 2013-இல் வெளியான ஒரு சோதனைக்காக லக்கி கன்னர் என்ற அமெரிக்கத் தோட்டா விற்பனை நிறுவனம் ஒரே மாதிரியான நான்கு புஷ்மாஸ்டர் ஏஆர்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 சுடத் திட்டமிட்டது. ஃபெடரல் பித்தளை சுட்ட ரைபிள் தப்பில்லாமல் முடித்தது. வுல்ஃபும் பிரவுன் பேரும் 20-ஐத் தாண்டாத தப்புகளோடு முடித்தன. துலா சுட்ட ரைபிள் முடிக்கவில்லை. பைமெட்டல் சுட்ட பேரல்கள் 10,000-ஐ எட்டுவதற்கு வெகு முன்பே துல்லியம் இழந்து, குண்டு பக்கவாட்டில் திரும்பி இலக்கைத் துளைக்கும் நிலைக்கு வந்துவிட்டன. வேகமாகச் சுட்டுச் சூடேற்றிய சோதனை அது. நிதானமாகச் சுடுபவரின் பேரல் கூடுதலாகத் தாங்கும்.

பணக் கணக்கை இப்படிப் போடுங்கள். பித்தளையைவிடத் தோட்டாவுக்கு 10 சென்ட் மிச்சம் என்றால் 5,000 தோட்டாவில் 500 டாலர். 200 டாலர் பேரல் ஒன்றை மாற்றினாலும் 300 மிஞ்சும். மிச்சம் 3 சென்ட் என்றால் 150 டாலர்தான், பேரலுக்கே போதாது. ரஷ்ய இறக்குமதி நின்ற பிறகு விலை இடைவெளி பல அளவுகளில் சுருங்கிவிட்டதால், இந்தக் கணக்கை வாங்கும் அன்றைய விலையில் போடுங்கள். எஃகுக் கூட்டில் பெரும்பாலும் எளிதில் கழற்ற முடியாத பெர்டான் வகைப் பிரைமர் என்பதால் மீண்டும் நிரப்புவது கடினம். கூடுகளைச் சேர்த்து நிரப்பும் பழக்கம் உள்ளவர் பித்தளைக் கூட்டின் மதிப்பையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

வாங்கி அடுக்குமுன் நீங்கள் போகும் சுடுதளத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். பல உள்ளரங்கத் தளங்களில் வாசலிலேயே காந்தம் வைத்துப் பார்த்து, குண்டில் ஒட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எஃகு உறை தகட்டில் பட்டுப் பொறி பறக்கும், தடுப்புச் சுவரும் சேதமாகும். கூடு எஃகாக இருந்து குண்டு செம்பு உறையாக இருந்தால் சில இடங்களில் விடுவார்கள். மேற்கு மாநிலங்களின் பொது நிலங்களில் கோடைத் தீத்தடை அறிவித்திருக்கும் நாட்களில் எஃகு உறைக் குண்டுக்குத் தடை இருக்கக்கூடும். காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும்.